கப்பல்காரர் வீட்டுக் கடல்

நான் ஓய்வுபெற்ற நிறுவனத்தை இப்போது நடத்துகிறவள் கௌசல்யா. புதிதாகச் சேர்ந்தவர்கள் படிப்பதற்காக, கடல் மீன் தொட்டி அமைப்பது, பராமரிப்பது பற்றி என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டாள். “முறைய மட்டும் எழுதுங்கக்கா. கதை வேண்டாம். கதைன்னா யாரும் படிக்க மாட்டாங்க” என்றாள். முறையை யாரும் படிப்பதில்லை என்பது என் அனுபவம். முறை உப்பு மூட்டையின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. மூட்டையைப் பிரிப்பவர்கள் முதலில் கிழிப்பது அந்த இடத்தைத்தான். ஆகவே இரண்டையும் கலந்தே எழுதுகிறேன். வடிகட்டி அவளிடம் இருக்கிறது.

நான் விலங்கியலில் முதுகலை படித்தவள். பிறகு தூத்துக்குடிப் பக்கம் ஒரு நிலையத்தில் கடல்நீரை அளந்து, முகர்ந்து, தெரியாமல் கொஞ்சம் குடித்தும் பயிற்சி பெற்றேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சேலை எப்போதும் ஈரமாகவே இருந்தது. அங்கிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த இடம் ராஜபாளையம். மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவில் நூல் மில்கள். கடலை மட்டும் காணோம். கடல் இல்லாத ஊரில்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க ஆட்கள் இருந்தார்கள். கடற்கரையில் இருக்கிறவன் எதற்குத் தொட்டி வைக்கப் போகிறான்?

முதலில் போன வீடு ஒரு மில் முதலாளியுடையது. வாளியும் குழாயுமாக நான் வாசலில் நின்றதும் காவலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “அம்மா, மீன்காரம்மா வந்திருக்கு!”

உள்ளேயிருந்து பதில் வந்தது: “சீலா மீனு இருந்தா நிக்கச் சொல்லு. துண்டு போட்டுத் தரணும்.”

என் பின்னால் வந்துகொண்டிருந்த இக்னேஷியஸ் சார் சற்றும் அசராமல் சொன்னார்: “சீலா இல்லம்மா. கோமாளி மீன்தான் இருக்கு. குழம்புக்கு ஆகாது.”

அன்றிலிருந்து ஓய்வுபெறும் வரை அந்த ஊரில் நான் மீன்காரம்மாதான். பட்டச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இக்னேஷியஸ் சார்தான் எங்கள் நிறுவனத்தின் முதலாளி. தூத்துக்குடிக்காரர். மீன்களைப் பற்றிப் பேசும்போது மரியாதைப் பன்மை. தொட்டியின் உரிமையாளர்களைப் பற்றிப் பேசும்போது அஃறிணை. “அவிய நேத்துலருந்து சரியா சாப்பிடல மரகதம். அது திருப்பதி போயிருக்குல்லா, லைட்டப் போட ஆளில்ல” என்பார். முதலில் வரும் ‘அவிய’ இரண்டு கோமாளி மீன்கள். ‘அது’ ஒரு சிமெண்ட் வியாபாரி.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது ஒரு ஸ்டூல். அதைத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்காருவார். சும்மா பார்ப்பார். வீட்டுக்காரர்கள் காப்பி கொண்டுவந்து வைப்பார்கள். அதில் ஆடை படியும். நான் சோதனைக் குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒருமுறை பொறுமையிழந்து, “சார், உப்பளவு பார்த்துரவா?” என்று கேட்டேன். “பாக்கலாம். தண்ணிகிட்ட கேக்கறதுக்கு முந்தி அவியகிட்ட கேட்டுட்டா மரியாதையா இருக்கும்” என்றார். கை கக்கத்தைவிட்டு வரவில்லை. தண்ணீருக்குள் கையை விடுவதற்குக் காரணம் தெரியாத வரைக்கும் கை அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

இனி முறை. தொட்டியை வெயில் படாத சுவரோரம் வைக்க வேண்டும். கனம் தாங்கும் இரும்பு மேசை வேண்டும். மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த மரமேசை ஆகாது. வடித்துச் சுத்தம் செய்த, எந்த உப்பும் இல்லாத தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து, அதில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, மோட்டார் போட்டு ஒருநாள் சுழலவிட வேண்டும். தொட்டிக்குள் நேரே உப்பைக் கொட்டக் கூடாது. பிறகு உப்பளவு பார்க்கும் கண்ணாடிக் கருவியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு தெரியும். அந்தக் கோட்டை எத்தனை முறை பார்த்திருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு அடிவானம் மாதிரிதான் இருந்தது.

அதன்பின் கடற்பாறைகளை அடுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீன் விடக்கூடாது. மீன் கழிக்கிற நஞ்சைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் அந்தப் பாறைகளில் முதலில் குடியேற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குடித்தனக்காரர்கள் வராமல் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் வரமுடியாது. இதை எந்த முதலாளிக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை.

அந்த மில் முதலாளி புதிதாகக் கட்டிய வீட்டின் புதுமனை புகுவிழா வந்துவிட்டது. அங்கே வைத்த தொட்டியில் பாறையும் தண்ணீரும் நீல விளக்கும் மட்டுமே. “விசேசத்துக்கு ரெண்டு மீனயாவது விடுங்க சார், பொறவு எடுத்துக்கலாம்” என்று கெஞ்சினார். சார் அசையவில்லை. சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து வெறும் தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் ஒருவர், “அந்தா, கல்லுக்குப் பின்னால ஓடுது பாரு” என்றார். அடுத்தவரும் பார்த்துவிட்டார். “எம்புட்டு வேகம்!” சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் ஊதா நிறத்தில் ஒன்றும் மஞ்சளில் இரண்டும் இருப்பதாக முடிவாகிவிட்டது. சார் தலையாட்டிக்கொண்டே பாயசம் குடித்தார். அதன்பின் அந்தத் தொட்டியில் நிஜ மீன்களை விட்டபோது, அன்று பார்த்தவை இன்னும் அழகாக இருந்ததாக அந்தப் பெரியவர் குறைப்பட்டார்.

பராமரிப்பில் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவது அதில்தான் நிற்கிறது. தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகும், எங்கள் ஊர் வெயிலுக்கு நிறையவே. தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீரை மட்டும் ஊற்றி, கண்ணாடியில் போட்ட கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உப்புத் தண்ணீரையே ஊற்றினால் நாளாக நாளாக ஊறுகாய் ஆகிவிடும். தண்ணீரில் வந்து சேருகிற வேறு எதற்கும் இதுதான் கதி. வந்தது போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர்.

தேரடியிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் கப்பல்காரர் வீடு என்று சொன்னால் தெரியும். சுப்பையா சார் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். வாழ்நாளில் பாதிக்கு மேல் கடலில். ஓய்வுபெற்று வந்த கொஞ்ச நாளில் வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கை மட்டும் வேலை செய்தது. மோதிர விரலால் நாற்காலிக் கையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் வேண்டாம். அதிலேயே காப்பியில் சீனி குறைவு என்பது வரை சொல்லிவிடுவார். சிங்கப்பூரில் இருந்த மகன் செந்தில், அப்பா பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று எங்களிடம் சொல்லி அந்தத் தொட்டியை வைத்தான்.

தொட்டி இறங்கிய அன்று, அவர் மனைவி சண்முகத்தாய் அம்மா அடுக்களை வாசலில் நின்று சொன்னார்: “முப்பது வருசம் அங்க கெடந்து பாத்தது பத்தாதுன்னு வீட்டுக்குள்ளயும் கொண்டாந்தாச்சு. எம் மூஞ்சிய எப்பத்தான் பாக்கப் போறாவளாம்?”

சுப்பையா சார் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா வெகுநாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தண்ணீர் ஊற்றுகிற வேலையை வீட்டு வேலைக்கு வருகிற பெண் செய்தாள். தொட்டி பக்குவப்பட்டு நாளான பிறகு ஒரு கடல் சாமந்தி கொண்டுவந்து விட்டோம். பூ மாதிரி விரிந்திருக்கும். ஆனால் அது உயிர்ப்பிராணி. அதன் இதழ்போன்ற கைகளுக்குள் இரண்டு கோமாளி மீன்கள் குடியேறின.

எனக்கு அந்த வீட்டுக்குப் போகும் பிற்பகல்கள் பிடிக்கும். தெரு முழுக்க வெயில் அடித்துப் போட்டிருக்கும். உள்ளே நுழைந்தால் கூடத்தில் நீலம். தண்ணீரின் அசைவு சுவரில், நாட்காட்டியில், சுப்பையா சாரின் வெள்ளை வேட்டியில் எல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும். மோட்டாரின் மெல்லிய ரீங்காரம். சாமந்தி ஒருபுறம் சாய்ந்து, பிறகு நினைவு வந்ததுபோல மறுபுறம் சாயும். அவரும் நானும் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். சில சமயம் வீடே கட்டுத்தறியிலிருந்து அவிழ்ந்து மெதுவாக மிதப்பது போலிருக்கும். எழுந்து வெளியே வந்தால் கோபுரம் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் கால் தரையில் பாவும்.

ஒருநாள் போனபோது, தொட்டியில் விட்டிருந்த இறால்கள் செத்துக் கிடந்தன. அடுத்த முறை, கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் பிடிவிட்டு மணலில் கிடந்தன. பிறகு சாமந்தி சுருங்கியது. கைகள் தொய்ந்து, வாய் திறந்து கிடந்தது. மீன்களுக்கு ஒன்றுமில்லை. சாமந்தியைச் சுற்றி வந்துகொண்டிருந்தன, வீட்டுக்கூரை இறங்கிவிட்டது ஏன் என்று புரியாமல்.

மீன் பிழைத்து மற்றவை சாகின்றன என்றால் படித்தவர்களுக்குச் சந்தேகம் ஒன்றின் மேல்தான் போகும்: செம்பு. மீனுக்குப் புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் வைத்து நாங்களே அளந்து போடுகிற மருந்து அது. இறாலுக்கும் சாமந்திக்கும் அதுவே விஷம். சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டுகளை விட்டேன். நிறம் மாறியது. செம்புதான்.

எங்கிருந்து? டிரம்மில் இருந்த சுத்தத் தண்ணீரைச் சோதித்தேன். ஒன்றுமில்லை. மோட்டாரைக் கழற்றினேன். குழாய் இணைப்புகளைப் பார்த்தேன். மணலில் யாராவது காசு போட்டிருக்கிறார்களா என்று துழாவினேன். எதுவும் இல்லை. வேலைக்கு வந்த பெண்ணை விசாரிக்கலாமென்றால், “அவ நின்னு நாளாச்சு. இப்ப நாந்தான் ஊத்துதேன்” என்றார் சண்முகத்தாய் அம்மா. “அந்த டிரம் தண்ணியத்தான்.”

செந்திலிடம் ஃபோனில் சொன்னேன். “மேடம், தப்பா நெனைக்காதீங்க. அம்மாவுக்கு அந்தத் தொட்டியக் கண்டாலே ஆகாது. அவங்கதான் எதையோ போடுறாங்க. நானா கேட்டா சண்டை வரும். நீங்க தொட்டிய எடுத்துருங்க” என்றான்.

“அப்பாவுக்கு அது ஒண்ணுதானேப்பா இருக்கு?”

“அப்பாவுக்கு அம்மாவும் வேணும்ல மேடம். இதுல எதையாவது ஒண்ணத்தான் காப்பாத்த முடியும்.”

எஞ்சினியர் மகன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ராஜபாளையம் திரும்பி சாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எந்தெந்தச் சோதனை, எந்தெந்த முடிவு என்று ஒன்று விடாமல். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “நீ எப்பவும் எந்நேரம் போற?”

“மத்தியானம் சார்.”

“நாளைக்குக் காலையில போ. சும்மா உக்காரு. எதையும் தொடாத.”

போனேன். ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். எனக்கு அது கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. சன்னல் வழியாக வந்த காலை வெளிச்சமும் தொட்டியின் நீலமும் கலந்து, கூடம் இன்னும் விடிய யோசித்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

சண்முகத்தாய் அம்மா குளித்து, ஈரத்தலையில் துண்டு சுற்றி வந்தார். இடுப்பில் ஒரு செம்புக்குடம். புளி போட்டுத் தேய்த்து, அப்போதுதான் வார்த்தெடுத்தது மாதிரி தகதகத்தது. தொட்டி அருகே போய், மூடியை நகர்த்தி, நூல் பிடித்தாற்போல ஊற்றத் தொடங்கினார்.

“ஏட்டி, தள்ளு. ஒம் புருசன் குடிக்கட்டும். நேத்தும் நீதான முந்துன” என்று பெண்மீனை அதட்டினார். பிறகு சுருங்கிக் கிடந்த சாமந்தியைப் பார்த்து, “ஒனக்கு என்ன தாயி கொற? நல்ல தண்ணிதான ஊத்துதேன்” என்றார்.

நான் சுப்பையா சாரைப் பார்த்தேன். அன்றுதான் முதல்முறையாக அவர் தொட்டியைப் பார்க்காமல் இருந்ததைக் கண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஈரத்துண்டு சுற்றிய அந்த முகத்தை.

விசாரித்தேன். டிரம் தண்ணீர்தான். ஆனால் ராத்திரியே குடத்தில் ஊற்றிவைத்து, காலையில் ஊற்றுகிறார். அந்த வீட்டில் குடிப்பதும் அப்படித்தான். கணவருக்கு மாத்திரை போடக் கொடுப்பதும் அதே குடத்துத் தண்ணீர்தான். எந்த உப்பும் இல்லாத சுத்தத் தண்ணீருக்குச் செம்பைக் கரைக்கிற ஆவல் அதிகம். புளி போட்டுத் தேய்த்த குடமென்றால் கேட்கவே வேண்டாம். கரைந்தது தொட்டிக்குப் போனது. தண்ணீர் ஆவியாகி ஆவியாகிப் போக, செம்பு மட்டும் தங்கியது.

சாருக்கு ஃபோன் செய்தேன். உடனே கிளம்பி வந்தார். முதலில் சாமந்தியையும் மிச்சமிருந்த உயிர்களையும் எங்கள் கடைத் தொட்டியின் தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மாற்றினோம். பிறகு அந்த அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, சார் மெதுவாக விளக்கினார். குடத்தின் மேல் குற்றமில்லை, மனிதர்கள் குடிக்கலாம், இவியளுக்கு மட்டும் சேராது என்றார்.

அந்த அம்மா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சிரித்தார்.

“முப்பது வருசம் அந்தக் கடலு நாசமாப் போவட்டும்னு மண்ண வாரித் தூத்துனேன் சார். ஒண்ணும் ஆகல. இப்பத்தான் போனாப் போவுதுன்னு, நல்லதா ரெண்டு குடம் ஊத்துனேன். செத்துப் போச்சு.”

“சாகல தாயி. பொழச்சுக்கிடும்” என்றார் சார்.

“இவியளுக்குப் பொழுது போவட்டும்னுதான ஊத்துனேன்” என்று கணவரைக் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி காப்பி போட உள்ளே போனார்.

இக்னேஷியஸ் சார் ஸ்டூலை நாற்காலிப் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சார், ஒரு சந்தேகம். கப்பலுக்கு அடியில செவப்பு பெயிண்டு அடிப்பாவள்லா. அது எதுக்கு?”

எனக்குத் தெரியும். துறைமுகத்தில் வளர்ந்த சாருக்கும் தெரியும். கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டி வளராதிருக்க அடிக்கிற பெயிண்டு அது. அதில் இருப்பது செம்பு. கடலில் வாழ்கிற சிற்றுயிர்களுக்குச் செம்பு ஆகாது என்பதை, வாழ்நாளெல்லாம் கப்பலில் இருந்த ஒரு எஞ்சினியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் காலையில் அந்தக் குடம் தன் கண்ணெதிரே சாய்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சீனி குறைவு என்று சொல்லத் தெரிந்த விரல் அது. இரண்டு தட்டு போதும், குடம் நின்றிருக்கும்.

நின்றிருந்தால் அந்த அம்மாவும் அடுக்களைக்குத் திரும்பியிருப்பார்.

சுப்பையா சார் எங்களைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். விரல் நாற்காலிக் கையில் இரண்டு முறை தட்டியது. வேண்டாம். சொல்ல வேண்டாம்.

“நாங்க எதுக்கு சார் சொல்லப் போறோம்” என்றார் இக்னேஷியஸ் சார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது, “அவிய பெரிய ஆளு மரகதம்” என்றார். மனிதர் ஒருவருக்கு அவர் ‘அவிய’ போட்டு நான் கேட்டது அப்போதுதான்.

செந்திலுக்கு நான்தான் ஃபோன் செய்தேன். குடத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா தினமும் என்ன பேசிக்கொண்டே ஊற்றினார்கள் என்பதையும் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. தொட்டியை எடுப்பது பற்றி அவன் பிறகு பேசவில்லை.

செம்பை உறிஞ்சிக்கொண்ட பழைய பாறைகளை மாற்றினோம். மணலை மாற்றினோம். தண்ணீரைப் பகுதி பகுதியாக வெளியேற்றிப் புதிது விட்டு, கரித்தூள் வடிகட்டி போட்டு, குப்பியில் நிறம் மாறுவது நிற்கும் வரை சோதித்தோம். மறுபடியும் அந்தக் காத்திருப்பு. கடைத் தொட்டியில் சாமந்தி நாள்கணக்கில் ஒரு கசங்கிய கைக்குட்டை மாதிரி கிடந்தது. பிறகு ஒரு பிற்பகலில் ஒரு ஓரம் மட்டும் விரிந்தது. முன்பு இருந்த அளவுக்கு வரவில்லை. ஆனாலும் கப்பல்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போனது.

அதற்குள் செந்தில் ஒரு கருவியை அனுப்பியிருந்தான். தண்ணீர் குறைந்தால் தானே உணர்ந்து, டிரம்மிலிருந்து தானே இழுத்து, கோடு வரை தானே நிரப்பும். நல்ல கருவி. எங்கள் தொழிலில் அதைப் பொருத்துவதுதான் சரியான முறை. கை மறந்தாலும் அது மறக்காது. கௌசல்யாவின் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் பொருத்துகிறார்கள். பொருத்தட்டும். நானும் அன்றைக்குப் பெட்டியைப் பிரித்து, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருந்தேன்.

நாற்காலிக் கையில் இரண்டு தட்டு கேட்டது.

கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். “இது இந்தத் தொட்டிக்குச் சேராதும்மா” என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். “நீங்களே ஊத்துங்க. பிளாஸ்டிக் குடத்துல.”

“நானா? நல்லா யோசிச்சுக்கிடு மீன்காரம்மா. பொறவு எம்மேல பழி போடாத.”

“போட மாட்டேன். கோடு வரைக்கும் ஊத்துங்க.”

“எங்கண்ணுக்கு எந்தக் கோடு தெரியுது?” என்றவர் கணவரைப் பார்த்துத் திரும்பினார். “ஏங்க, நீங்க எஞ்சினியருதான? கோடு வந்ததும் ஒரு தட்டுத் தட்டுங்க. நிப்பாட்டுதேன்.”

ஒரு தட்டு. சரி.

குடம் சாய்ந்தது. நூல்போலத் தண்ணீர் இறங்கியது. அதன் நிழல் சுவரில் நெளிந்தது. மீன்கள் இரண்டும் மேலே வந்து அந்தச் சின்ன அருவிக்குக் கீழே முட்டிக்கொண்டன. “ஏட்டி, பொறு” என்று அவர் அதட்டினார்.

“போதுமா?”

விரல் அசையவில்லை.

தண்ணீர் கோட்டைத் தொட்டது.

“போதுமாங்க?”

அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கோட்டைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கூடினால் உப்பளவு குறையும், மீன்களுக்கு அது அவ்வளவு நல்லதல்ல என்பது எனக்குத் தெரியும். நான் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.